காலி நாற்காலி

கோட்டையிலே சட்டமன்றம். மன்றத்திலே 234 இடங்கள். ஒவ்வோர் இடமும் ஒரு வட்டாரத்தின் வாய். அங்கே அமர்ந்திருப்பவர் எழுந்து கேட்டால், அந்த வட்டாரத்துக் கிணறு பேசுகிறது, பாதை பேசுகிறது, பள்ளிக்கூடத்தின் ஒழுகும் கூரை பேசுகிறது. அவர் வாளாவிருந்தால் அத்தனையும் ஊமை. அவர் அமர வேண்டிய இடமே காலியாகக் கிடந்தால்?

கற்பனைக் கேள்வியல்ல தோழர்களே! தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி இதை அனுபவித்து அறிந்த ஊர். 2017 செப்டம்பர் 18 முதல் 2019 மே 23 வரை, 612 நாட்கள், அந்தத் தொகுதிக்குச் சட்டமன்றத்திலே ஆள் இல்லை. அடுத்திருக்கும் அரூருக்கும் இல்லை. ஐந்தே தொகுதிகள் உள்ள மாவட்டத்திலே இரண்டு நாற்காலிகள் காலி.

அது நேர்ந்த வகையைச் சொல்லிவிடுகிறோம். 2016 தேர்தலிலே பாப்பிரெட்டிப்பட்டி மக்கள் பி. பழனியப்பனையும், அரூர் மக்கள் ஆர். முருகனையும் தேர்ந்தெடுத்து அனுப்பினர். மறு ஆண்டிலே ஆளுங்கட்சிக்குள் பிளவு. முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்களுள் 18 பேரைப் பேரவைத் தலைவர் ப. தனபால், கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி தகுதி நீக்கம் செய்தார். வழக்கு உயர்நீதிமன்றம் ஏறிற்று. அந்த இடங்களுக்குத் தேர்தல் அறிவிக்கலாகாது என்று இடைக்காலத் தடை பிறந்தது. 2018 ஜூன் 14-இல் இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்பு வழங்கினர். மூன்றாம் நீதிபதி, அக்டோபர் 25-இல், தகுதி நீக்கம் செல்லும் என்றார். ஆறு மாதக் கெடு முடியும் தறுவாயில், 2019 ஏப்ரல் 18-இல் இடைத்தேர்தல். மே 23-இல் முடிவு. பாப்பிரெட்டிப்பட்டிக்கு ஏ. கோவிந்தசாமி உறுப்பினரானார்.

தாவியவர் யார், தாவாதவர் யார், கொறடாவின் கட்டளை எதுவரை செல்லும் என்பதையெல்லாம் சட்டம் கற்றோர் ஆய்ந்து கொள்ளட்டும். நாம் கேட்பது வேறு. வாக்களித்த மக்கள் செய்த குற்றம் என்ன? பங்காளிகள் இருவர் சண்டையிட்டுக் கொண்டு ஊர்ப் பொதுக்கிணற்றைத் தூர்த்துவிட்டால், அதை நியாயம் என்போமா? உறுப்பினரைத் தண்டித்தார்கள், தண்டனையை அனுபவித்ததோ தொகுதி!

"சில மாதங்கள் ஆள் இல்லாவிட்டால் குடியா முழுகிவிட்டது?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு 2018-ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம்.

அந்த ஆண்டிலேதான் சேலம் – சென்னை எட்டுவழிச் சாலைத் திட்டம் வந்தது. ஏறத்தாழ 277 கிலோமீட்டர் நீளம். 10,000 கோடி ரூபாய்ச் செலவு. அந்தச் சாலையின் கோடு, தருமபுரி மாவட்டத்திலே எந்த வட்டங்களின் மீது விழுந்தது தெரியுமா? பாப்பிரெட்டிப்பட்டி, அரூர்! நிலத்தை அளக்க அதிகாரிகள் வந்தார்கள்; காவலர்கள் வந்தார்கள்; எல்லைக் கற்கள் வந்தன. தென்னைக்கும் கிணற்றுக்கும் வீட்டுக்கும் எண் போடப்பட்டது. எதிர்த்துக் குரல் கொடுத்தோர் கைது செய்யப்பட்டனர். எல்லாம் வந்தன, "இந்த நிலத்தை ஏன் எடுக்கிறாய்? மாற்றுப் பாதை பார்த்தாயா? நிலம் இழப்பவனுக்கு என்ன விலை?" என்று சட்டமன்றத்திலே எழுந்து கேட்க அந்த இரு தொகுதிகளுக்கும் உரிய ஆள் மட்டும் வரவில்லை. வர இடமில்லை.

மற்றக் கட்சிகளின் உறுப்பினர்கள் கேட்டார்களே எனலாம். கேட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் பரிந்து பேசுவதும், பெற்ற தாய் பதறிப் பேசுவதும் ஒன்றாகுமா? எந்த வயலுக்கு எந்த ஏரிப் பாசனம், எந்தக் கிணறு எத்தனை குடும்பத்துக்குச் சோறு போடுகிறது என்பது அந்த மண்ணிலே வாக்குக் கேட்டு நடந்தவனுக்கல்லவா தெரியும்? உழவர்கள் நீதிமன்றத்தின் வாயிலிலே நின்றார்கள். 2019 ஏப்ரல் 8-இல் சென்னை உயர்நீதிமன்றம் நில எடுப்பை ரத்துச் செய்தது. அதன்பின் பத்தாம் நாள்தான் பாப்பிரெட்டிப்பட்டியில் இடைத்தேர்தல்! 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றியது தனிக் கதை. சட்டமன்றத்திலே முதலில் எழ வேண்டிய வினா, வழக்காகி, வழக்கறிஞர் கட்டணமாகி, உழவன் தலையிலே விழுந்தது என்பதே நாம் காட்ட விரும்புவது. இடையிலே 2018 மார்ச்சில் ஒன்று, 2019 பிப்ரவரியில் ஒன்று என இரண்டு வரவு செலவுத் திட்டங்கள் மன்றத்தில் வைக்கப்பட்டன. வரி கொடுத்த பாப்பிரெட்டிப்பட்டிக்கு, அந்த வரி எங்கே போகிறது என்று கேட்கும் வாய் இரண்டு முறையும் இல்லை.

நாற்காலி காலியாவதற்குத் தகுதி நீக்கம்தான் வேண்டுமென்பதில்லை. ஆள் அமர்ந்திருக்கும்போதே காலியாக இருப்பதும் உண்டு. 2011-இல் இதே தொகுதியிலிருந்து சென்றவர் உயர்கல்வி அமைச்சரானார். "நம்ம ஊர் மந்திரி!" என்று ஊர் பூரித்தது, வளைவுகள் எழுந்தன, வாண வேடிக்கை நடந்தது. அமைச்சருக்கு மன்றத்திலே என்ன வேலை? பிறர் கேட்கும் வினாவுக்கு விடை சொல்லும் வேலை. தம் ஊருக்காக எழுந்து வினாத் தொடுக்கும் வேலை அவருக்கு இல்லை. அமைச்சராயிருந்து அவர் செய்த நன்மைகளை யாம் குறைத்துரைக்கவில்லை. அதிகாரம் கிடைத்ததென்று மகிழ்ந்த ஊர், கேட்கும் வாய் போயிற்றே என்று எண்ணிப் பார்த்ததா?

எண்ணாததற்குக் காரணம் உண்டு. கேட்பது என்பது நமக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்ட ஒன்று. கடவுளிடம் வேண்டினோம், அரசனிடம் விண்ணப்பித்தோம், அதிகாரியிடம் மனுக் கொடுத்தோம். வேண்டுதல், விண்ணப்பம், மனு மூன்றும் கைகூப்பி நிற்கும் சொற்கள். வினா ஒன்றுதான் நிமிர்ந்து நிற்கும் சொல். அந்த வினா உரிமையும் வானத்திலிருந்து விழவில்லை. 1892-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை சட்டசபை உறுப்பினர் அரசாங்கத்தைப் பார்த்து ஒரு வினாக் கூடக் கேட்க முடியாது. 1892-இல் கேட்கலாம் என்றார்கள். சொன்ன விடையைப் பெற்றுக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். விடையின் மீது துணை வினா எழுப்பும் உரிமை 1909-இல்தான் வந்தது. அதுவும் கேட்டவருக்கு மட்டும்!

உரிமை கையில் வந்ததும் என்ன நடந்தது என்பதைப் பாருங்கள். 1924-இல் சென்னைச் சட்டசபையிலே இரட்டைமலை சீனிவாசன் எழுந்தார். பொதுப் பாதையிலே நடக்கவும், பொதுக் கிணற்றிலே நீர் எடுக்கவும் தாழ்த்தப்பட்டோர்க்குத் தடை இருக்கலாகாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறிற்று, அரசாணையும் வந்தது. பாதை, கிணறு! இன்று "உள்ளூர் வசதி" என்று சிறுமையாகச் சொல்லும் அந்த இரண்டு சொற்களிலே ஒரு சமுதாயத்தின் மானமே அடங்கியிருந்தது. 1957-இல் குளித்தலையிலிருந்து சென்ற மு. கருணாநிதியின் முதற்பேச்சு, நங்கவரத்து உழவர்களின் குறையைப் பற்றியது. அதே ஆண்டு தில்லியிலே, ஆளுங்கட்சி வரிசையில் அமர்ந்திருந்த பெரோஸ் காந்தி, ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா கம்பெனிகளுக்குப் போனது எப்படி என்று எழுப்பிய பேச்சு, மறு ஆண்டு பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரியைப் பதவி விலகச் செய்தது. ஆளுங்கட்சிக்காரன் கேட்கக்கூடாது என்போர், அவர் எந்தக் கட்சிக்காரர் என்று பார்க்கட்டும்! 2005-இலோ, வினாக் கேட்பதற்குப் பணம் வாங்கினர் என்று நாடாளுமன்ற உறுப்பினர் 11 பேர் வெளியேற்றப்பட்டனர். விற்க முயன்றார்கள் என்றாலே, அதற்கு விலை உண்டு, வலிமை உண்டு என்பது விளங்கவில்லையா?

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்திலே கேட்க என்ன இருக்கிறது? பட்டியல் நீளமானது.

முதலாவது தண்ணீர். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரிலே புளோரைடு மிகுதி. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் தீது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரம்பு. அந்த வரம்பைத் தாண்டிய நீரைக் குடித்துக் குடித்துக் குழந்தைகளின் பல்லிலே கறை படிந்தது. பெரியவர்களின் எலும்பு இறுகி முதுகு வளைந்தது. அதைத் தலையெழுத்து என்றார்கள், முற்பிறப்பின் வினை என்றார்கள், வேப்பிலை அடித்தார்கள். பாவமும் இல்லை, சாபமும் இல்லை. பாறையிலிருந்து நீரிலே கரைந்த உப்பு! நோய்க்குக் காரணம் தெரிந்தபின் மருந்தும் தெரிந்தது: காவிரி நீர். ஜப்பானியக் கடனுதவியோடு, 1,928 கோடி ரூபாய் மதிப்பிலான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல். 2013-இல் தொடக்க விழா. விழாக்கள் முடிந்தன. விழாவுக்குப் பிறகல்லவா வினா தொடங்க வேண்டும்? எந்தெந்தக் குடியிருப்புக்கு நாள்தோறும் எத்தனை லிட்டர் நீர் வருகிறது? கோடையிலே எத்தனை நாள் வரவில்லை? குழாய் வறண்ட நாளிலே மக்கள் எந்தக் கிணற்று நீரைக் குடிக்கிறார்கள்? அந்த நீரைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? நான்கு வினா, நான்குக்கும் எண்ணால் விடை வேண்டும்.

இரண்டாவது பாதை. பாப்பிரெட்டிப்பட்டியையும் அரூரையும் ஒட்டி எழும் சித்தேரி மலையிலே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். சாலை இல்லாத மலையூரிலே பிள்ளைப்பேறு வலி கண்ட பெண்ணைத் தூளி கட்டித் தூக்கி வருவது நேற்றைய கதையாகி ஒழிய வேண்டாமா? சாலை போட வனத்துறை இசைவு வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். இசைவு கேட்டு எழுதிய நாள் எது, மறுமொழி வந்த நாள் எது என்று கேட்க, உறுப்பினர் காட்டு வழியே நடக்கவும் வேண்டியதில்லை. எழுந்து நின்றால் போதும்.

மூன்றாவது இரயில். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் சிறு இரயில் ஓடிற்று; இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே, 1941-இல், நிறுத்தப்பட்டது. முக்கால் நூற்றாண்டு கழித்து, 2016-17 இரயில்வே திட்டத்திலே அந்த 36 கிலோமீட்டருக்கு மீண்டும் இசைவு கிடைத்தது. இரயில் தில்லிக்கு உரியது. நிலம் எடுத்துக் கொடுப்பது சென்னைக்கு உரியது. தில்லியைக் கேட்டால் சென்னையைக் காட்டுவதற்கும், சென்னையைக் கேட்டால் தில்லியைக் காட்டுவதற்கும் இதைவிட வசதி வேண்டுமா? இரு மன்றங்களிலும் ஒரே வாரத்திலே ஒரே வினாவை எழுப்பினால் இந்தக் கண்ணாமூச்சி அம்பலமாகும்.

கேட்டால் மட்டும் உண்மை வந்துவிடுமா? வராது. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியிலே 1992 ஜூன் 20-இல் வனத்துறையினரும் காவலரும் புகுந்து நடத்திய கொடுமையை ஆட்சியாளர் முதலில் மறுத்தே பேசினர். அன்று மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ஏ. நல்லசிவன் போன்றோர் விடாது நீதிமன்றம் வரை சென்றனர். 2011 செப்டம்பர் 29-இல், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023-இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மறுப்பைக் கேட்டு உட்கார்ந்திருந்தால், அந்த ஊரின் அழுகை அந்த மலைக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

ஆகவே விடைகளையும் எடை போடக் கற்க வேண்டும். "ஆவன செய்யப்படும்", "பரிசீலனையில் உள்ளது", "நிதி நிலைமைக்கேற்ப" – கோட்டையின் மூன்று மந்திரங்கள் இவை! கோயில் மந்திரம் புரியாது. கோட்டை மந்திரம் புரியும், பயன்தான் தராது. எப்போது, எவ்வளவு, யார் பொறுப்பு என்ற மூன்று துணை வினாக்களை எதிரே வைத்தால் மந்திரத்தின் மாயம் கலையும். அமைச்சர் மன்றத்திலே தந்த வாக்குறுதி நிறைவேறிற்றா என்று பார்க்கவே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. ஆனால், தலைவருக்குப் புகழ்மாலை சூட்டிவிட்டுத்தான் வினாவையே தொடங்குவது என்று வழக்கப்படுத்திக் கொண்டவர்கள், விடை வருமுன்னே நன்றி சொல்லி அமர்ந்துவிடுகிறார்களே! தொகுதி நிதியிலே ஒரு நிழற்குடை கட்டி, அதன் நெற்றியிலே தம் பெயரைப் பெரிதாய் எழுதிக் கொள்கிறார்கள். நிழற்குடை இருக்கிறது, பேருந்து வருகிறதா என்று கேட்டவர் யார்?

இடம் காலியானால் விரைந்து நிரப்பவும் வழி காண வேண்டும். தகுதி நீக்க மனுவைப் பேரவைத் தலைவர் மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2020-இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. நன்று. ஆனால் பாப்பிரெட்டிப்பட்டியின் 612 நாட்களில் பெரும்பகுதி நீதிமன்றத்திலே அல்லவா கரைந்தது? பேரவைத் தலைவருக்குக் கெடு விதிக்கும் நீதி, தனக்கும் ஒரு கெடு விதித்துக் கொள்ளட்டும். அதுவரை, ஆளில்லாத் தொகுதியின் வினாக்களை மன்றத்தின் மனுக்கள் குழு நேரே பெற்று, அமைச்சரிடமிருந்து விடை வாங்கித் தருவதைக் கடமையாக்கட்டும். 234-இல் 18 என்றால் பதின்மூன்றில் ஒரு பங்கு. நாட்டின் பதின்மூன்றில் ஒரு பங்கை ஊமையாக்கி வைத்து எடுத்த முடிவுகளை மக்கள் முடிவு என்று சொல்ல நா கூசாதா?

இளைஞர்களே, இதிலே உங்களுக்கும் வேலை உண்டு. ஊர்ப் படிப்பகத்திலே ஒரு குறிப்பேடு வையுங்கள். நம் உறுப்பினர் இந்தக் கூட்டத் தொடரிலே கேட்டது என்ன, அமைச்சர் சொன்னது என்ன, சொன்னபடி நடந்த நாள் எது என்று மூன்று பத்தி போடுங்கள். எந்தக் கட்சிக்காரராயினும் ஒரே குறிப்பேடு, ஒரே அளவுகோல். வாக்குக் கேட்டு வருபவரிடம் மாலையை நீட்டாதீர்கள். அந்தக் குறிப்பேட்டை நீட்டுங்கள். மூன்று பத்தியும் வெறுமையாக இருந்தால், நாற்காலியில் ஆள் இருந்த காலத்தும் அது காலிதான் என்பதை அவரே படித்துத் தெரிந்து கொள்வார்.