டெட்லிஃப்ட் முதுகுப் பயிற்சி என்று யார் சொன்னது?

பல ஜிம்களில் சுவரில் ஒரு அட்டவணை தொங்கும். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு... அந்த முதுகுக் கட்டத்துக்குள் டெட்லிஃப்டையும் எழுதி வைத்திருப்பார்கள். மாஸ்டரும் "முதுகால இழு தம்பி" என்பார். தம்பியும் இழுப்பான். மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவான். உடனே தீர்ப்பு: டெட்லிஃப்ட் முதுகை உடைக்கும்!

முதுகைக் கெடுத்தது டெட்லிஃப்ட் அல்ல. "முதுகால இழு" என்ற அந்தப் பாடம்தான்.

கொஞ்சம் யோசியுங்கள். தரையில் கிடக்கும் கம்பி மேலே வரும்போது முக்கியமாக நிமிர்பவை எவை? முழங்காலும் இடுப்பு மூட்டும். முழங்காலை நீட்டுவது முன்தொடையின் குவாட்ரிசெப்ஸ். இடுப்பை நிமிர்த்துவது பிட்டத்தின் குளூட்டியஸ் மாக்சிமஸ், பின்தொடையின் ஹாம்ஸ்ட்ரிங், உள்தொடையின் அடக்டர் மேக்னஸ். சுமையைத் தூக்குகிறவர்கள் இவர்கள்தான்.

அப்படியானால் முதுகு சும்மா இருக்கிறதா? இல்லவே இல்லை. முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் இரெக்டார் ஸ்பைனே கடுமையாக உழைக்கிறது. ஆனால் அதன் வேலை இழுப்பதல்ல, வளையாமல் இறுகி நிற்பது. லாட்ஸ் கம்பியை உடம்போடு ஒட்டி வைக்கிறது. டிராப்ஸ் தோளைத் தாங்குகிறது. முன்கைத் தசைகள் பிடியை விடாமல் காக்கின்றன. மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கினால் முதுகெலும்புக்கு உள்ளிருந்து ஒரு முட்டுக் கிடைக்கிறது.

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்காமல் கையை நீட்டித் தூக்கிப் பாருங்கள். கம்பி உடம்பை விட்டுத் தள்ளிப் போனாலும் அதே கதைதான். கீழ்முதுகின் மேல் சுமை ஏறிவிடும்.

அமெரிக்க வீரர் லமார் கேன்ட்டுக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ் இருந்தது. 1985-ல் அவர் தூக்கியது சுமார் 300 கிலோ. உடல் எடையோ 60 கிலோதான்! ஐந்து மடங்கு தூக்கிய முதல் மனிதர் அவர். எல்லோரும் கேன்ட் ஆக முடியாது, உண்மை. முதுகில் ஏற்கெனவே வலி இருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் கம்பியைத் தொடவும் கூடாது. ஆனால் தொட்டாலே முதுகு போய்விடும் என்பவர்கள் கேன்ட்டுக்கு என்ன பதில் சொல்வார்கள்?

மாஸ்டர்களே, அட்டவணையைத் திருத்தக்கூட வேண்டாம். "முதுகால இழு" என்பதை மட்டும் விடுங்கள். "காலால தரையை அழுத்து, இடுப்பை முன்னால தள்ளு" என்று சொல்லுங்கள். முதல் வாரம் வெறும் கம்பியே போதும்; அதுவே 20 கிலோ. பையன் கட்டிய ஃபீஸுக்கு அவன் முதுகாவது மிஞ்சட்டும்!