சிரி என்றோர் உத்தரவு

கொல்லிமலைக்கு ஒரு பழைய கதை உண்டு. அங்கே ஒரு பாவை இருந்தாளாம். பகைவன் வந்தால் சிரிப்பாளாம். அந்தச் சிரிப்பில் மயங்கிக் கிட்டே போனவன் உயிரோடு திரும்ப மாட்டானாம். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் இந்தக் கொல்லிப் பாவையைப் பற்றிய பேச்சு வருகிறது. சிரித்தே கொல்வாள் என்பது வழிவழியாக வந்த கதை.

இன்று அந்த மலைக்கு வாரந்தோறும் வேறு பாவைகள் காரில் வந்து இறங்குகின்றன. வித்தியாசம் ஒன்றுதான். அந்தப் பாவை சிரித்துப் பிறரைக் கொன்றாள். இந்தப் பாவைகளை, ‘சிரி, சிரி’ என்று சொல்லியே மற்றவர்கள் கொல்கிறார்கள். இதற்குப் பெயர் குடும்பப் போட்டோ ஷூட்.

நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள், விடுமுறை நாள் ஒன்றில் வாசலூர்பட்டிப் படகு இல்லத்தின் பக்கம் சிறிது நேரம் நின்று பாருங்கள். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்திருக்கிறது ஒரு குழந்தை. பாதி வழியிலேயே குடித்த பாலை வெளியே தள்ளிவிட்டது. முகத்தைக் கழுவி, பவுடர் பூசி, கழுத்தை அறுக்கும் ஜரிகைச் சட்டைக்குள் அதைத் திணித்து நிறுத்துகிறார்கள். எதிரே தண்ணீர், தண்ணீரில் படகு. குழந்தையின் கண் அங்கே போகிறது.

“அம்மா, படகு...”

“முதல்லே சிரிடா! சிரிச்சாத்தான் படகு!”

சற்றுத் தள்ளி அந்தக் குழந்தையின் பாட்டி நிற்கிறாள். “அத்தை, நீங்க கொஞ்சம் மரத்தடியிலே உட்காருங்க. உங்க புடவைக் கலர் சேரலே” என்று மருமகள் சொல்கிறாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. பாத்திரத்தை நகர்த்தி வைப்பது போலச் சொல்கிறாள். பாட்டியும் நகர்ந்துகொள்கிறாள். குடும்பத் தலைவரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, “பணம் கொடுத்திருக்கோம், சீக்கிரம் நில்லுங்க” என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருக்கிறார். மூன்று மணி நேரம் கழித்து ஒரு படம் கிடைக்கிறது. அதில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்!

இதை நான் பொய் என்கிறேன். சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டப்போகிற பொய்.

நம் தாத்தா காலத்துப் போட்டோக்களைப் பார்த்து நாம் கேலி செய்கிறோம். விறைத்த முதுகு, முழங்காலில் வைத்த கை, சிரிப்பே இல்லாத முகம். ஆனால் அந்த விறைப்புக்கு ஒரு நியாயம் இருந்தது. 1839-இல் தாகேர் தம் முறையை உலகுக்கு அறிவித்தபோது ஒரு படம் பதியப் பல நிமிஷங்கள் பிடித்தன. அசைந்தால் முகம் கலங்கிவிடும். தலை ஆடாமல் இருப்பதற்காக, பின்புறம் இரும்புத் தாங்கி வைத்த ஸ்டுடியோக்களும் உண்டு. பின்னால் கருவி வேகமாக வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் நெடுநாள் நின்றது. சிரிப்பைப் பல நிமிஷம் பிடித்து வைக்க முடியாது. ஆகவே அவர்கள் தங்கள் முகத்தை உள்ளபடி கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இன்றைக்கு ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். ஓடுகிற பிள்ளையை ஓடுகிறபடியே, பறக்கிற தண்ணீர்த் துளியைப் பறக்கிறபடியே பிடித்துவிடலாம். மனிதன் இனி அசையாமல் நிற்க வேண்டியதில்லை என்ற விடுதலையைக் கருவி நமக்குக் கொடுத்தது. நாம் செய்தது என்ன? கருவிக்கு அவசரம் இல்லாத காலத்தில் சில நிமிஷம் நின்ற மனிதனை, கருவி மின்னலாகிவிட்ட காலத்தில் அரை நாள் நிற்க வைத்திருக்கிறோம். இரும்புத் தாங்கியை எடுத்துவிட்டோம். அதன் இடத்தில் அம்மாவின் அதட்டலையும் அப்பாவின் முறைப்பையும் வைத்துவிட்டோம்.

“அப்படியானால் ஏற்பாடே வேண்டாமா? தலை வாராமல், அழுக்குச் சட்டையோடு நிற்பதா?” என்று சிலர் கேட்பார்கள். வேண்டும் ஐயா, ஏற்பாடு நிச்சயமாக வேண்டும். ஆனால் எதற்கு ஏற்பாடு? படத்துக்கா, மனிதர்களுக்கா? சண்டை அங்கேதான்.

மனிதர்களுக்கு ஏற்பாடு செய்கிறவர் முதல் நாளே மலையேறி விடுவார். குழந்தை ஓர் இரவு தூங்கி எழட்டும் என்பார். பசியோடு ஒரு பிள்ளையையும் நிறுத்த மாட்டார். உடம்புக்குப் பழகிய, துவைத்த துணி போதும் என்பார். உச்சி வெயில் கண்ணைச் சுருக்க வைக்கும், முகத்தில் கறுப்பு நிழல் போடும். ஆகையால் காலை இளவெயிலையோ மாலை வெயிலையோ தேர்ந்தெடுப்பார். மலை மேல் பனிமூட்டம் இறங்கினால் ‘படம் போச்சே’ என்று தலையில் அடித்துக்கொள்ள மாட்டார். மூட்டத்தில் வருகிற வெளிச்சம் முகத்துக்கு இதமானது என்று அறிவார். முதலில் படகு, பிறகுதான் படம். படகில் போய் வந்து, கையை நனைத்து, ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு கரையேறும் குடும்பத்துக்கு ‘சிரி’ என்று யாரும் சொல்ல வேண்டியிராது. வயதானவருக்கு ஒரு நாற்காலி, அதுவும் நடுவில். எல்லோரும் சேர்ந்து நிற்கிற படத்தை முதல் பத்து நிமிஷத்திலேயே முடித்துவிட்டு, “போங்கள், உங்கள் இஷ்டம்” என்று அவிழ்த்து விடுவார். போட்டோக்காரருக்கும் அதுவே சௌகரியம். ஒரு குழந்தை எதைப் பார்த்துத் தானாகச் சிரிக்கிறது என்று காத்திருப்பதுதானே அவருடைய தொழில்!

இந்த மலையை ஆண்டதாகச் சொல்லப்படும் வல்வில் ஓரியைப் பற்றிப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். வேட்டைக்கு வந்தவன் இன்னான் என்று அறியாமல் பாணர்கள் அவன் முன்னே அவன் புகழைப் பாட, தன்னைத்தான் பாடுகிறார்கள் என்று கேட்டு அவன் நாணினானாம். தன் பெயரைக் காதால் கேட்கவே கூச்சப்பட்டவனின் மலை இது. அங்கே போய் நம்முடைய முகத்தையே ஐந்நூறு முறை பதித்துக்கொண்டு வருகிறோம். மலையை ஒரு முறை பார்ப்பதில்லை.

மலையைப் பார்க்காதது மட்டுமா? மலையில் இருப்பவர்களையும் பார்ப்பதில்லை. சாமை விளைகிற கொல்லை நமக்குப் ‘பேக்கிரவுண்ட்’. மிளகுக் கொடி படர்ந்த மரமும், ஓட்டு வீட்டுத் திண்ணையும் பேக்கிரவுண்ட். கேட்காமல் உள்ளே இறங்கி, பயிரை மிதித்து, தலைச்சுமையோடு போகிற மலையாளிப் பழங்குடிப் பெண்ணை ‘கொஞ்சம் நில்லும்மா’ என்று நிறுத்திப் பக்கத்தில் வைத்து ஒரு படம். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இந்த நாட்டின் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதற்காக மனிதர்களை நிறுத்திவைத்து மூக்கை அளந்தார்கள், படம் பிடித்தார்கள். அவருக்காவது ஆராய்ச்சி என்ற ஒரு சாக்கு இருந்தது. நமக்கு என்ன சாக்கு? விருப்பம் கேட்காமல் நிறுத்தப்பட்ட மனிதன் படத்தில் மனிதனாக வருவதில்லை. மாதிரிப் பொருளாக வருகிறான். வழியில் நிறுத்தப்பட்ட அந்தப் பெண்ணுக்கும், படகைக் காட்டி மிரட்டப்பட்ட நம் வீட்டுக் குழந்தைக்கும் இந்த விஷயத்தில் பேதமே இல்லை.

அந்தக் குழந்தைக்கு அன்றைக்கு ஒரு பாடம் நடந்திருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். ‘உன் உண்மையான முகம் எங்களுக்கு வேண்டாம், ஊருக்குக் காட்ட ஒரு முகம் வைத்துக்கொள்’ என்ற பாடம். அதைப் பெற்ற தாயும் தகப்பனுமே சொல்லிக் கொடுக்கிறார்கள். நாளைக்கு அவன் வளர்ந்து, மனத்தில் உள்ள துக்கத்தை நம்மிடம் சொல்லாமல் பல்லைக் காட்டிவிட்டுப் போனால், ‘இவன் ஏன் மனம் விட்டுப் பேசுவதில்லை?’ என்று அங்கலாய்ப்பதில் அர்த்தம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் ஒரு காலத்தில், உயிரோடு இருந்தவரை படமே எடுத்துக்கொள்ளாத பெரியவர் இறந்துபோனால், அவரை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, மாலை போட்டு, சுற்றிலும் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. இன்று பார்த்தால் நமக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அந்த ஏழை ஜனங்களின் மனத்தை எண்ணிப் பாருங்கள். கையில் இருந்த காசைத் திரட்டி, டவுனிலிருந்து போட்டோக்காரரை வரவழைத்து, செத்தவரைக் கூடத் தங்கள் படத்துக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ‘இவர் இல்லாமல் எங்கள் குடும்பம் இல்லை’ என்று அந்தப் படம் சொல்கிறது. நாமோ உயிரோடு இருக்கிறவளை, புடவைக் கலர் சேரவில்லை என்று மரத்தடிக்கு அனுப்புகிறோம்!

இருபது வருஷம் கழித்து அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கிற போது, எல்லோர் துணியும் ஒரே நிறமா என்று ஒருவரும் பார்க்கப் போவதில்லை. பாட்டி எங்கே என்றுதான் தேடுவார்கள். தேடுகிறவன் அந்தக் குழந்தையாகவே இருப்பான். அவனுக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

அடுத்த தடவை மலையேறும்போது பாட்டியின் கையைப் பிடித்து அழைத்து வந்து, கட்டியிருக்கிற புடவையோடேயே நடுவில் உட்கார வையுங்கள். குழந்தை அழுதால் அழுகிறபடியே இருக்கட்டும். அழுகையும் உங்கள் வீட்டுச் சொத்துத்தான்.