நனைந்த காகிதத்துக்கு நகல் கேட்கும் அரசு

ஃபெஞ்சல் புயல் ஓய்ந்து பத்து நாள் இருக்கும். தென்பெண்ணைக் கரையோரக் கிராமம் ஒன்றில், ஒரு வீட்டு வாசல் கொடியில் துணிகளுக்கு நடுவே காகிதங்கள் காய்ந்துகொண்டிருந்தன. பட்டா, மகளின் மாற்றுச் சான்றிதழ், மகனின் சாதிச் சான்று, கூட்டுறவுச் சங்கத்துக் கடன் ரசீது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப். பட்டாவில் சர்வே எண் இருந்த இடம் வெறும் நீலத் திட்டாகிவிட்டிருந்தது. காய்ந்ததும் அதை ஒரு கேரிபேக்கில் சுற்றிக்கொண்டு அந்த அம்மாள் நிவாரணத்துக்கு மனு கொடுக்கப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"எழுத்தே தெரியலையேம்மா. வேற காப்பி எடுத்துட்டு வாங்க."

"வேற காப்பிக்கு எங்க சாமி போவேன்? வீட்டுல மிஞ்சுனதே இதான்."

"அப்போ இ-சேவையில சிட்டா எடுத்துட்டு, திங்கக்கிழமை வாங்க."

அந்தச் சிட்டா யாருடையது? வருவாய்த் துறையின் கணினியில் இருப்பது. அரசிடம் இருப்பதை அரசிடமே காசு கொடுத்து அச்சிட்டு வாங்கி, அதைத் திரும்ப அரசிடமே கொண்டுபோய்க் கொடுத்தால்தான், அந்த நிலம் அவருடையது என்று அரசு நம்பும். வெள்ளத்தில் நெல்லும் பாயும் பாத்திரமும் போன குடும்பத்தை இப்படி நடையாய் நடக்கவிடும் முறைக்கு நிவாரணம் என்று பெயர் வைத்திருப்பதை இந்தத் தலையங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

மேசைக்குப் பின்னால் இருந்த அந்த ஊழியர் மீது நமக்குக் கோபம் இல்லை. சொந்தக் கிராமத்தோடு பக்கத்துக் கிராமத்துக்கும் கூடுதல் பொறுப்பு பார்க்கும் கிராம நிர்வாக அலுவலர்கள் எத்தனையோ பேர். அவர்களில் சிலர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருக்கும். மேலிடம் கேட்டதை அவர்கள் கீழே கேட்கிறார்கள். நம் கேள்வி வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறையை நோக்கியது. மேலாண்மை என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருக்கும் துறை அது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தூங்கிக்கொண்டிருந்த ஊர்களுக்குள் தென்பெண்ணை நுழைந்தது. முன்னெச்சரிக்கை போதுமானதாக இருந்ததா என்பது தனி வழக்கு; அதை இங்கே கலக்க வேண்டாம். அதற்கு அடுத்து வந்த அறிவிப்புதான் நம் பொருள். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் இரண்டு நாட்களுக்கு மேல் மழைநீர் சூழ்ந்து வாழ்வாதாரம் பாதித்த குடும்பங்களுக்குக் குடும்ப அட்டை அடிப்படையில் தலா 2,000 ரூபாய் என்றது அரசு.

இரண்டு நாட்கள். இதை எழுதியவர் ஏரி உடைந்த ஊரை நினைத்திருப்பார். ஆறு புகுந்த ஊரை நினைக்கவில்லை. ஏரித் தண்ணீர் வந்தால் தேங்கி நிற்கும். ஆற்று வெள்ளம் நடுநிசியில் கழுத்தளவு வந்து, மாட்டையும் மூட்டையையும் இழுத்துக்கொண்டு, மறுநாள் பொழுது சாய்வதற்குள் வடிந்துவிடும். அது விட்டுப்போவது முழங்கால் அளவு வண்டல். தண்ணீர் நின்ற நேரத்தை வைத்துத் துயரத்தை அளந்தால் அந்த வீடு கணக்கிலேயே வராது. பக்கத்தில் புதுச்சேரி அரசு, குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. சாலையின் ஒரு பக்கம் புதுச்சேரி, மறுபக்கம் தமிழ்நாடு என்று கிடக்கும் ஊர்களில் இந்த வித்தியாசத்தை மக்கள் எப்படிப் பேசியிருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பயிருக்கு வருவோம். ஃபெஞ்சலுக்கு அரசு அறிவித்தது பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, மரங்களுக்கும் பல்லாண்டுப் பயிர்களுக்கும் 22,500. பாசன நெல்லுக்கு ஏக்கர் கணக்கில் பார்த்தால் 6,900 ரூபாய்க்குக் கிட்ட வந்தது. உழவும் நடவும் முடிவதற்குள் தீர்ந்துவிடுகிற பணம் அது. உரமும் களையும் அதற்குப் பிறகு. சரி, தொகை சிறியது என்ற புகார் பழையது. அந்தச் சிறிய தொகையும் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால்தான் கிடைக்கும். அந்த 33 எப்படி அளக்கப்படுகிறது?

வேளாண் துறை அலுவலரும் கிராம நிர்வாக அலுவலரும் வரப்பில் நின்று பார்க்கிறார்கள். கண்தான் அளவுகோல். சம்பா நெல் மூழ்கி எழுந்தால் முதல் சில நாள் பச்சையாகத்தான் தெரியும். வேர் அழுகி, தூர் கறுத்து, தோகை மஞ்சளாகிச் சாய்வதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். சீக்கிரம் வந்த அதிகாரி பச்சையைப் பார்த்து 20 என்று எழுதுவார். தாமதமாக வருகிறவர், உழவர் பொறுக்கமாட்டாமல் கடன் வாங்கிப் போக்கு நாற்று நட்டிருப்பதைப் பார்த்து, "பயிர் நல்லாத்தானே நிக்குது" என்பார். கைகட்டிக் காத்திருந்த வயலுக்குப் பணம். தன் கைக்காசைப் போட்டு வயலைக் காப்பாற்றியவருக்கு இல்லை. 30 என்று எழுதினால் ஒரு ரூபாய் கிடையாது, 35 என்றால் முழுத் தொகை. இந்த ஐந்து சதவீத இடைவெளிதான் கிராமங்களில் கையூட்டும் சிபாரிசும் புழங்குகிற இடம். கண்ணால் அளப்பதைப் பல வருடமாக மாற்றாமல் வைத்துக்கொண்டு, ஊழல் நடந்தால் மட்டும் திகைத்துப்போவது நாடகம்.

அதைவிடப் பெரிய அநியாயம் குத்தகைக்காரருக்கு நடப்பது. நிலம் ஒருவர் பெயரில் இருக்கும். உழுது, நட்டு, நகையை அடகு வைத்து உரம் வாங்கியது இன்னொருவராக இருப்பார். காவிரி டெல்டாவில் கோயில், மட நிலங்களில் இது தலைமுறை வழக்கம். சாகுபடி செய்பவர் பெயரை அடங்கலில் எழுத இடம் இருக்கிறது. குத்தகை உரிமைப் பதிவுக்கு 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பெயரை எழுதிவிட்டால் 1955-ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி நிலத்தைவிட்டு நகரமாட்டார் என்று உரிமையாளருக்கு அச்சம். ஆகவே எல்லாம் வாய்மொழி. புயல் வந்ததும் நிவாரணம் பட்டாக்காரரின் வங்கிக் கணக்கில் போய் விழுகிறது. அவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம்; குறுஞ்செய்தி வரும்போதுதான் தன் வயல் மூழ்கியது அவருக்கே தெரியும். நல்ல மனிதராக இருந்தால் பாதியைக் கொடுப்பார். அரசின் நிவாரணம் தனி மனிதரின் நல்ல குணத்தை நம்பி நடக்கலாமா?

மாடு செத்தால் 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்றது அதே ஃபெஞ்சல் அறிவிப்பு. கோழிக்கு நூறு ரூபாய் வாங்க, ஜெராக்ஸும் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போக மிச்சம் என்ன என்று நிதித் துறையில் யாராவது கணக்குப் போட்டிருப்பார்களா தெரியவில்லை. மாட்டுக் கதை வேறு மாதிரி. கால்நடை மருத்துவர் உடலைப் பார்த்துச் சான்று தர வேண்டும். ஆறு அடித்துக்கொண்டு போன பசுவின் உடலுக்கு எங்கே போவது? நமக்குத் தெரிந்த ஒருவர் அறுந்த கயிற்றையும் கட்டுத்தறியையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார். "கயித்துக்கு எப்படிங்க சான்று குடுக்கறது?" என்று சிரித்திருக்கிறார்கள். அந்தப் பசுவின் காதில் அரசு மாட்டிய மஞ்சள் வில்லை இருந்தது. அதில் 12 இலக்க எண். கோமாரித் தடுப்பூசி போட்டபோது அந்த எண் பதிவானது. பசு இருந்ததற்கு அரசிடமே சாட்சி இருக்க, அது இல்லாமல் போனதற்கு உடலைக் கொண்டுவா என்கிறார்கள்.

இத்தனை ஆவணங்களும் எதற்கு என்று கேட்டால் அதிகாரிகளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "இல்லாவிட்டால் போலிகள் புகுந்துவிடுவார்கள்." போலிகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் போலி மனு போடுகிறவரிடம் காகிதம் எப்போதும் கச்சிதமாக இருக்கும். காயாத காகிதத்தோடு வந்து நிற்பவர் நிஜமாக நனைந்தவர். ஆவணத்தைக் கொண்டு வடிகட்டினால் சல்லடையில் சிக்குவது யார் என்று யோசிக்க வேண்டும். போலியைப் பிடிக்க வழி ஊருக்குள்ளேயே இருக்கிறது. யார் பெயருக்கு எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்ற பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடை வாசலிலும் ஒட்டுங்கள். கிராம சபையில் வாசியுங்கள். யார் வீட்டுச் சுவர் இடிந்தது, யார் வீட்டுச் சுவர் போன வருடமே இடிந்தது என்பது தெருவில் உள்ள பாட்டிகளுக்குத் தெரியும். ஆனால் பட்டியலை ஒட்டினால் அதை எழுதியவரையும் ஊர் கேள்வி கேட்கும். தயக்கம் அங்கேதான் இருக்கிறது என்று சந்தேகிக்கிறோம்.

அரசால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் சுற்றுப்புற மாவட்டங்களையும் மூழ்கடித்தபோது, வீடு வீடாக டோக்கன் கொடுத்து, ரேஷன் கடையில் 6,000 ரூபாயை ரொக்கமாகக் கையில் கொடுத்தீர்கள். இழந்த சான்றிதழ்களுக்குச் சிறப்பு முகாம் நடத்தினீர்கள். குடும்ப அட்டை வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் மனு எழுதவே இல்லை. அதே சென்னையில், வாடகை வீட்டில் இருந்து ஊரில் அட்டை வைத்திருந்தவர்களிடமும் அட்டையே இல்லாதவர்களிடமும் மனு வாங்கினீர்கள். என்ன ஆயிற்று என்று பல நாள் கடையைச் சுற்றி வந்தவர்கள் அவர்கள்தான். ஒரே மழைக்கு இரண்டு வழி. மனு இல்லாத வழியில் பணம் ஓடியது, மனு உள்ள வழியில் தேங்கியது. இந்த அனுபவத்திலிருந்து துறை கற்றது என்ன?

இன்னும் பின்னால் போகலாம். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். கடலுக்குள் போன குமரி மீனவர்கள் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்றது சாட்சியச் சட்டம். குழித்துறை ரயில் நிலையத் தண்டவாளத்தில் மக்கள் உட்கார்ந்தார்கள். அதன்பின் விதிக்கு விலக்கு கண்டுபிடிக்கப்பட்டது. ஏழு ஆண்டு காத்திருக்காமல் குடும்பங்களுக்கு 20 லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது. மனிதர் விஷயத்திலேயே உடல் இல்லாமல் முடிவெடுக்க முடிந்த அரசுக்கு மாட்டின் விஷயத்தில் முடியாதா? அல்லது ஒவ்வொரு முறையும் தண்டவாளத்தில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டுமா?

தொகைக்கும் உச்சவரம்புக்கும் மத்திய அரசின் விதிகளைக் கைகாட்டுவது மாநிலத்தின் வழக்கம். அதில் நியாயமும் உண்டு. 2022 முதல் 2026 வரைக்கான மத்திய விதிகள் பயிர் உதவியை இரண்டு ஹெக்டேரோடு நிறுத்தின. ஃபெஞ்சலுக்கு உடனடியாக 2,000 கோடி ரூபாய் கேட்ட மாநிலத்துக்கு, பேரிடர் நிதியில் எப்படியும் வர வேண்டிய இரண்டு தவணையான 944.80 கோடியைக் கொடுத்து, அதையே உதவி என்று அறிவித்தது டெல்லி. அதையும் கண்டிக்கிறோம். ஆனால் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு தராதே என்று டெல்லி சொல்லவில்லை. நிராகரித்தால் காரணம் எழுதாதே என்றும் சொல்லவில்லை. அவை நம் தாலுகா அலுவலகங்களில் விளைந்தவை.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அரசாணை வர வேண்டும். அரசின் கணினியில் உள்ள எந்த ஆவணத்துக்கும் பாதிக்கப்பட்டவரிடம் நகல் கேட்கக் கூடாது. பெயரும் ஆதார் எண்ணும் போதும், மீதியை அலுவலகமே எடுத்துக்கொள்ளட்டும். மனு கொடுத்தவர் கையில் அன்றே எண்ணும் தேதியும் போட்ட சீட்டு இருக்க வேண்டும். மூழ்கிய வயலைத் தண்ணீர் வடிந்த பத்தாம் நாளுக்குப் பிறகு இன்னொரு முறை பார்ப்பது கட்டாயமாக வேண்டும். முதல் பார்வையில் எடுத்த படம் இருந்தால், போக்கு நாற்று நட்டவரைத் தண்டிக்க வேண்டியிருக்காது. சாகுபடி செய்தவர் யார் என்பதற்கு அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவரின் சாட்சியத்தை நிவாரணத்துக்கு மட்டும் ஏற்கலாம். அது குத்தகை உரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று ஆணையிலேயே எழுதிவிட்டால் உரிமையாளருக்கும் அச்சம் இருக்காது. ஒரு மனு தள்ளப்பட்டால் காரணம் தமிழில், எழுத்தில், கையொப்பத்தோடு வர வேண்டும். அதை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் முறையிட முப்பது நாளாவது தர வேண்டும்.

இவை எதற்கும் புதிய நிதி தேவையில்லை. அந்த அரசாணைக்கும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று. ஃபெஞ்சலுக்காக எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை தள்ளப்பட்டன, என்ன காரணத்துக்காக என்பதைத் தாலுகா வாரியாக வெளியிடுங்கள். கொடியில் பட்டாவைக் காயவைத்த அந்த அம்மாள் திங்கட்கிழமையும் போனார், அடுத்த திங்கட்கிழமையும் போனார். அவர் மனு இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று அந்தப் பட்டியலில் தேடிப் பார்க்க விரும்புகிறோம்.