கம்ப்யூட்டர் போயிற்றாம்!

பழைய லோடு வண்டி ஒன்று ஓடும்போது இடையிடையே திக்கினால், அதன் காரணம் யாது என்று விசாரிக்கும் வழக்கமே நம் ஊரில் ஒழிந்துவிட்டது. "கம்ப்யூட்டர் போயிடுச்சு" என்னும் ஒரே மந்திரத்தால் சகல சந்தேகங்களும் நிவர்த்தியாகிவிடுகின்றன. தரமணியில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேன் கொண்டுவரும் நண்பரின் வண்டிக்கும் சென்ற மாதம் இம்மந்திரமே ஓதப்பட்டது. காலையில் செவ்வனே ஓடி, மத்தியானம் இன்ஜின் சூடேறியபின் மிஸ் ஆகி, சற்று ஆறியதும் ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் ஓடுகிற அந்த வண்டியின் நோயை, இன்ஜின் மூடியைத் திறக்குமுன்னரே ஒரு பட்டறைக்காரர் நிர்ணயம் செய்துவிட்டார். பெருந்தொகை பெற்றுக்கொண்டு வேறு கம்ப்யூட்டர்ப் பெட்டி பொருத்தினார். மிஸ்ஸிங்கோ பழைய விசுவாசத்துடன் மறுவாரமே திரும்பி வந்தது. "இந்தப் பெட்டியும் டூப்ளிகேட் போலிருக்குண்ணே, வேற ஒண்ணு போட்டுப் பாத்துடலாம்" என்றாராம் அவர். பக்தி என்றால் இதுவல்லவோ பக்தி!

இந்தச் சித்தாந்திகளை நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிப் பின்னர் அசோக் லேலண்ட் ஆகிய தொழிற்சாலையிலிருந்து வெளிவந்து, நெல்லும் சிமென்டும் சர்க்கரையும் சுமந்து நம் ராஜபாட்டைகளில் பல்லாண்டு திரிந்த காமெட் லாரியில் கம்ப்யூட்டர் இருந்ததா? பம்ப்பும் நாசிலும் இரண்டையும் இணைக்கும் எஃகுக் குழாய்களுமே அந்த இன்ஜினின் எரிபொருள் சாஸ்திரம் முழுவதும். அப்படியிருந்தும் அது மிஸ் ஆயிற்று. டீசல் லைனில் காற்றுப் புகுந்தபோது மிஸ் ஆயிற்று. ஃபில்டர் அடைத்தபோதும், நாசில் சொட்டியபோதும், வால்வு இடைவெளி மாறியபோதும் மிஸ் ஆயிற்று. அன்றைய மெக்கானிக், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாசில் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எதைத் தளர்த்தினால் ஓட்டத்தில் மாறுதல் தெரியவில்லையோ அந்தச் சிலிண்டரே சும்மா இருக்கிறது என்று, பீடி அணையுமுன் தீர்ப்புச் சொல்லிவிடுவார். காமெட்டில் போன கம்ப்யூட்டர் எது? யாரேனும் சொல்லட்டும்.

பாரத் ஸ்டேஜ் நான்கு என்னும் புகை விதி 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதற்கும், ஆறு என்பது 2020 ஏப்ரல் 1 முதலும் அமலுக்கு வந்ததை ஒட்டிச் சிறு லோடு வண்டிகளிலும் கம்ப்யூட்டர் குடியேறியது மெய்யே. ஆயினும் காற்றும் தண்ணீரும் அழுக்கும் துருவும் அதனால் ஊரைவிட்டு ஓடிப்போய்விடவில்லை. கிராங்க் சென்சார் அனுப்பும் துடிப்பைக் கணக்கிட்டு, இன்ன நாசில் இன்ன கணத்தில் திறக்கக் கடவது என்று உத்தரவிடுவதே அப்பெட்டியின் உத்தியோகம். சென்சார் சூட்டில் துடிப்பை விழுங்கினாலும், எர்த் வயர் துருப்பிடித்து வோல்டேஜ் இறங்கினாலும், கப்ளரின் ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறினாலும் உத்தரவு தவறத்தான் செய்யும். கடிதம் வந்து சேராததற்குக் கடிதத்தை எதிர்பார்த்திருந்தவனைத் தண்டிப்பதுபோல, நாம் பெட்டியைத் தண்டிக்கிறோம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கங்களில் தேங்கிய நீரில் எத்தனை வண்டிகள் நின்றன! அந்நீர் புகுந்த கப்ளர்களை ஒருவரும் கழற்றிப் பார்ப்பதில்லை. பெட்டி மாத்திரம் கழன்று வருகிறது.

ஸ்கேனர் சொல்லிற்றே என்பார்கள். காமன் ரெயில் இன்ஜினில் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறக்கூடிய அழுத்தம் நிற்பதால் காமெட்டில் செய்ததுபோல் நட்டைத் தளர்த்தலாகாது. ஆகவே ஸ்கேனர் அவசியமான உபகரணமே. ஆனால் இரண்டாம் நாசிலின் சர்க்யூட்டில் கோளாறு என்று அது காட்டினால், அது நாசிலாகவும் இருக்கலாம், வயராகவும் இருக்கலாம், கப்ளராகவும் இருக்கலாம். விசாரணை தொடங்கவேண்டிய இடத்தைக் காட்டும் அந்த எண்ணையே தீர்ப்பாக வாசிக்கும் புண்ணியவான்களுக்கு என்ன சொல்வது?

இவ்வியாதி பட்டறையோடு நிற்பதுமில்லை. வங்கியில் பணம் எடுக்கப் போனால் சர்வர் இல்லை. ரேஷன் கடையில் அரிசி வாங்கப் போனால் மெஷின் கைரேகையை ஏற்கவில்லை. கவுண்டருக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் எக்குற்றமும் அறியாதவர்; வாயில்லாத யந்திரமே சகல பாவங்களையும் சுமக்கிறது. ஒருபுறம் 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டைடல் பூங்காவும், மறுபுறம் பல தலைமுறைகளுக்குத் தொழில்நுட்பம் போதித்த சென்ட்ரல் பாலிடெக்னிக்கும் நிற்கும் இந்தத் தரமணியிலேயே, எர்த்தைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டரை எடுப்பவர் அரிதாகிவிட்டார். கம்ப்யூட்டரை நம்பி வாழும் ஊர், அதனைச் சந்தேகிப்பதிலும் முதன்மை வகிக்கவேண்டாமா? வகிக்கிறது!

எரிந்துபோன சில்லு இன்ஜின் ஆறியதும் உயிர்பெற்று எழுவதில்லை. வந்து வந்து போகிற நோய்க்கு, வந்து வந்து போகிற தொடர்பையே முதலில் தேடவேண்டும் என்பது காமெட்டில் சென்ற கிளீனர்ப் பையனுக்கும் தெரிந்த நியாயம்.

ஆகையால், வண்டி வைத்திருக்கும் அன்பர்களே, உங்கள் வண்டி திக்கினால் முதலில் பேட்டரி கிளாம்பைக் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜினுக்கும் பேட்டரியின் எதிர்மின் முனைக்கும் இடையே மல்டிமீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். காட்டினால் எர்த் சரியில்லை. டீசல் ஃபில்டரில் சேர்ந்த தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடுகையில் வயரிங்கைக் கப்ளர் கப்ளராக அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவையும் செய்து, கண்ட அளவுகளைக் காகிதத்தில் எழுதித் தராத எந்தப் பட்டறைக்கும் கம்ப்யூட்டருக்கென்று ஒரு காசும் கொடாதீர்கள்.