நூற்றிரண்டும் 1002-உம்

நூற்றிரண்டை எழுதச் சொன்னால் 1002 என்று எழுதும் குழந்தைகள் உண்டு. அதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடித்துவிடுவது எளிது. ஆனால் அந்தக் குழந்தை காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறது: முதலில் நூறு, பிறகு இரண்டு. பழந்தமிழ் எண்முறை செய்ததும் இதுவே. பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்று தனிக்குறிகள் இருந்ததால் நூற்றிரண்டு ௱௨ என்றும், இருநூற்று முப்பத்தைந்து ௨௱௩௰௫ என்றும் எழுதப்பட்டன. வாய் சொன்ன நூறும் பத்தும் ஏட்டிலும் தெரிந்தன. இன்றைய 235-இல் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. இலக்கம் நிற்கும் இடம்தான் அவற்றைச் சொல்கிறது. ஆகவே இடமதிப்பைக் கட்டம் போட்ட அட்டவணையில் தொடங்காமல், எண்ணின் பெயரிலிருந்தும் கையில் பிடிக்கும் குச்சிக் கட்டிலிருந்தும் தொடங்க வேண்டும்.

அட்டவணையில் சரியாக எழுதினாலே புரிந்துவிட்டது என்று கொள்ள முடியாது. அமெரிக்கக் கல்வியாளர் கான்ஸ்டன்ஸ் காமி, சிறு குழந்தைகளிடம் 16 சில்லுகளையும் 16 என்ற எண்ணையும் காட்டிக் கேட்டார். 6 என்ற இலக்கத்துக்கு ஆறு சில்லுகளைக் காட்டிய பலர், 1 என்ற இலக்கத்துக்கு ஒரே ஒரு சில்லைத்தான் காட்டினார்கள். நம் நாட்டிலும் இதன் விளைவு தெரிகிறது. பள்ளிக் குழந்தைகளின் கற்றல் நிலையை ஆராயும் 'அசர்' ஆய்வின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்தவர்கள் 33.7 விழுக்காடுதான். ஒரு பத்தை அவிழ்த்தால் பத்து ஒன்றுகள் என்று அறியாத குழந்தைக்குக் 'கடன் வாங்குவது' வெறும் மந்திரம்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டி போன்ற எல்லைப் பகுதிகளில், பத்தைப் புரியவைக்க ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. அங்கே தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. இரண்டும் எண்களை ஒரே விதமாகக் கட்டுகின்றன. பத்தும் ஒன்றும் பதினொன்று. இரு பத்து இருபது. ஆங்கிலத்தின் 'லெவன்', 'ட்வெல்வ்' என்ற பெயர்களில் பத்து காதில் விழுவதில்லை. சீன, ஜப்பானிய, கொரிய மொழிகளில் பதினொன்றின் பெயரே 'பத்து ஒன்று'. அம்மொழிகளைப் பேசும் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட அதிகமாகப் பத்துகளாகத் தொகுத்து எண்களைக் காட்டினர் என்று ஐரீன் மியூரா குழுவினர் 1988-இல் பதிவு செய்தார்கள்.

அப்படியானால் தமிழ்க் குழந்தைகள் ஏன் தடுமாறுகிறார்கள் என்று கேட்கலாம். எண்களை ராகமாக ஒப்பிக்கும்போது பெயருக்குள் இருக்கும் பத்து செவிக்கு எட்டுவதில்லை. ஆசிரியர் அதைப் பிரித்துக் காட்ட வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும் 90-இன் பெயருக்குள் நூறும், 900-இன் பெயருக்குள் ஆயிரமும் ஒலிப்பது உண்மையான இடர். தொண்ணூறைச் சொல்லும் முன் 'ஒன்பது பத்து' என்று சில நாள் சொல்லவைத்தால் அது தீரும். பின்னாளில் ஆங்கில வழிக்குப் போகும் பிள்ளைக்கு இது எதற்கு என்பாரும் உண்டு. தமிழில் பத்தைப் புரிந்துகொண்ட பிள்ளை அந்தப் புரிதலை ஆங்கிலத்துக்கும் எடுத்துச் செல்லும். பாடத்தை முடிக்க நேரம் போதாது என்ற கவலையும் நியாயமானதே. ஆனால் இங்கே சேமிக்கும் வாரங்களை, மேல் வகுப்புகளில் கழித்தலும் வகுத்தலும் தசமமும் வட்டியோடு திரும்பக் கேட்கும்.

தென்னை நிறைந்த ஊரில் ஈர்க்குச்சிக்குப் பஞ்சமில்லை. பத்து குச்சி ஒரு கட்டு, பத்து கட்டு ஒரு பெருங்கட்டு. ஒரு பெருங்கட்டையும் இரண்டு குச்சிகளையும் வைத்து, நடுவில் தனிக்கட்டு எதுவுமில்லை என்பதைக் கண்ட குழந்தை, அந்த வெற்றிடத்துக்கு ஒரு பூஜ்யம் போட்டு 102 என்று எழுதும். ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டால் காரணமும் சொல்லும்.