ஐந்து எழுத்துச் சோம்பல்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. டெய்லர்களுக்கு வாட்ஸப்பில் போகிற சேதியெல்லாம் தமிழ்தான். எழுத்து மட்டும் ஆங்கிலம்! வி, ஈ, எல், ஏ, ஐ என்று வருகிறது. அது வேலையா, வேளையா? பீஸ் ரேட்டுக்கு உழைக்கிறவர்கள் ஊகித்துக்கொள்ள வேண்டுமாம்! வலிக்கும் வழிக்கும் அங்கே ஒரே எழுத்துக்கள்தான்.

வீட்டிலும் இதே கூத்து. பேத்தி அனுப்பிய சேதியை எதிர்வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள், தினத்தந்தியை வரி விடாமல் படிக்கிற என் தாயார்.

கேட்டால், "தமிழில் அடிப்பது கஷ்டம், சார்" என்கிறார்கள் பட்டம் வாங்கிய பிள்ளைகள். என்ன கஷ்டம்? 1999-ல் சென்னையில் மாநாடு கூட்டி, தமிழ்99 என்ற விசைப்பலகையை வகுத்து, தமிழக அரசும் அதை ஏற்றாயிற்று. உயிரெழுத்துக்கள் இடக்கைக்கு, மெய்களில் பெரும்பாலானவை வலக்கைக்கு. 'ம'வை இருமுறை தட்டினால் முதல் 'ம'வுக்குப் புள்ளி தானே விழும். 'வேலை'க்கு நான்கே தட்டு. ஆங்கில எழுத்தில் ஐந்து! விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, காசும் கிடையாது.

ஓவர்லாக்கிலிருந்து பேட்லாக்குக்கு மாற்றி உட்காரவைத்தால், டெய்லர் பெண் மறுபேச்சின்றிக் கற்றுக்கொள்கிறாள். அவளுக்குக் கஷ்டமே கிடையாது போலும்!

தொழிலாளர்களுக்குத் தமிழெழுத்திலன்றிச் சேதி போகக்கூடாதென்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலாளி இன்னும் கையெழுத்துப் போடவில்லை.