முதல் குழாய் எங்கே?

2024 கோடையில் பெங்களூரில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி, மக்கள் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கியது. நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் என்பது அதன் அளவு. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பெரும் மின்செலவில் மேட்டுக்கு ஏற்றப்படும் இந்த நீரில் பெரும்பகுதி சாக்கடையாகத்தான் வெளியேறுகிறது. அதைச் சுத்திகரித்து மீண்டும் குடிநீராக்கலாம் என்ற யோசனையைத் தள்ளிவிட முடியாது. நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹுக்கில் 1968லேயே இம்முறை வந்துவிட்டது.

மக்கள் முகம் சுளிக்கிறார்கள் என்பது உண்மை. அதை அறியாமை என்று அதிகாரிகள் ஒதுக்குவது நியாயமல்ல. கோலாரில் நடந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். 2018 ஜூனில் பெங்களூரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு, அந்த வறண்ட மாவட்டத்தின் ஏரிகளுக்கு விடப்பட்டது. குடிப்பதற்காக அல்ல, நிலத்தடி நீர் ஊறுவதற்காகத்தான். அடுத்த மாதமே லட்சுமிசாகர ஏரியில் நுரை பொங்கியது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிறகு நீர் மறுபடியும் ஓடியது, ஏரிகள் நிரம்பின. ஆயினும் இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு ஏன் நிறுத்தினார்கள் என்ற கேள்வி நின்றபாடில்லை. நுரையைக் கண்ணால் கண்டவரிடம் ஆய்வுக்கூடத் தாளை நீட்டினால் எடுபடுமா?

சிங்கப்பூர் அரசு வேறு விதமாக நடந்துகொண்டது. வெளிநாட்டு நிபுணர்களும் அடங்கிய குழுவிடம் சோதனையை ஒப்படைத்தது. 2002 தேசிய தினத்தன்று பிரதமர் கோ சோக் டோங்கே மக்களோடு சேர்ந்து அந்நீரைக் குடித்தார். நிலையத்தைப் பொதுமக்கள் நேரில் பார்க்க வசதி செய்யப்பட்டது. நீரில் பெரும்பங்கு ஆலைகளுக்குப் போயிற்று. சிறு பங்கே நீர்த்தேக்கங்களில் கலக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரில், கடும் வறட்சிக்கு நடுவே 2006ல் வாக்கெடுப்பு வைத்தார்கள். சுமார் 62 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். தாகம் எடுத்தால் மக்கள் தாமாக ஒப்புக்கொள்வார்கள் என்ற கணக்கு அங்கே பொய்த்தது.

பெங்களூர்க் குடிநீர் வாரியம் இப்போதே தொடங்கலாம். சுத்திகரிப்பதும் வாரியம், சான்று தருவதும் வாரியம் என்றால் யார் நம்புவார்கள்? சோதனையை வெளியார் செய்யட்டும். முடிவுகளைக் கன்னடம், தமிழ், உருது மொழிகளில் வார்டு அலுவலகங்களில் ஒட்டட்டும். முடிவு மோசமான நாளிலும் ஒட்டட்டும். குடிநீராக வழங்கும் நாள் வந்தால், முதல் இணைப்பு விதான சௌதாவுக்கும் வாரியத்தின் தலைமை அலுவலகத்துக்கும் போகவேண்டும். குடிசைப் பகுதியில் தொடங்கினால், பணக்காரனுக்குக் காவிரி, ஏழைக்குச் சாக்கடையா என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எந்த ஆய்வுக்கூடமும் பதில் சொல்ல முடியாது.